அந்த ஒற்றைக் கியர் சைக்கிளை வாங்காதே, மகள்

அன்பு மகள்,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது தெரியும். முந்தாநாள்தான் ஒரு மணித்தியாலம் போனில் கதைத்தோம். நானும் சுகம். முழங்கால் இரண்டையும் விட்டுப் பார்த்தால் எனக்கு இன்னும் இருபத்தைந்து வயதுதான். போனில் கதைக்கிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார், எழுதியதைக் கொண்டுபோய் நம் கோயில் பங்கின் மாத இதழில் எதற்குப் போடுகிறார் என்று நீ கேட்பாய். போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபோது, நூறு பேருக்கு முன்னால் நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். நாற்பது பேர் என்று அம்மா சொல்வார். எத்தனை பேரானால் என்ன, தீர்ப்புப் பிழை. ஊர் கேட்கச் சொன்ன பிழையைப் போனில் ஒரு காதுக்குள் திருத்தினால் அது திருத்தம் இல்லை. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் இந்த ஞாயிறு இதழ் வந்ததும் அம்மா போனில் வாசித்துக் காட்டுவார். இடையில் அவர் சிரித்தால் பொறுத்திரு, சிரித்து முடித்துத் தொடர்வார்.

விசயம் இதுதான். இந்த மாத முடிவில் நீ வடக்கே லோரன்டியன் மலைப்பக்கம் போகிறாய். அங்கே ஒரு சின்ன ஊரின் கிளினிக்கில் உனக்குப் பிசியோதெரபி வேலை. பஸ் நிற்கிற கீழ்த்தெருவில் ரொட்டி சுடுகிற ஒரு பாண் கடைக்கு மேலே அறை. வேலைத்தலமோ மலைக்கு மேலே. காரெல்லாம் வேண்டாம், மடிக்கிற சைக்கிள் ஒன்று எடுக்கப்போகிறேன், வேலைக்குப் போய்வரவும் பின்னேரங்களில் ஏரிக்கரையில் சுற்றவும் வெள்ளிக்கிழமை மடித்து பஸ்ஸில் போட்டுக்கொண்டு மொன்றியலுக்கு வரவும் அதுதான் தோது என்றாய். வருகிற சனி விட்டு அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போவதாக மண்டபத்தில் நீ சொல்லி வாய் மூடவில்லை, நான் தொடங்கிவிட்டேன். நம் அந்தோனி மாமா தன்னுடைய மடிக்கிற சைக்கிளை மூலையில் சாத்தி வைத்திருந்தார். ஒற்றைக் கியர், சோற்றுக் கோப்பை அளவு சில்லு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் வைத்து, "இதுதான் சைக்கிள்! கியர் எண்டது கால் இல்லாதவனுக்கு. என்ர பிள்ளைக்குக் கால் இருக்கு" என்றேன். சனம் சிரித்தது. எனக்கு இன்னும் ஏறிவிட்டது. உனக்குப் பதினெட்டு வயதில் நான் எடுத்துத் தந்த முதல் மடிக்கிற சைக்கிளின் கதையையும் எடுத்துவிட்டேன். "அது இல்லாட்டி இவ இன்டவியூவுக்கே போயிருக்க மாட்டா, கேட்டுப் பாருங்கோ" என்றேன். நீ தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "ஓம் அப்பா. நீங்கள் சொல்லுறதையே எடுக்கிறன்" என்றாய்.

அந்த வார்த்தைதான் இப்போது என்னைப் பயப்படுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் என்னைத் தெரியும்தானே, நேரே அங்கே போகமாட்டேன்.

எனக்கு இந்தச் சைக்கிள் பெருமை எங்கேயிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில், அம்மாவைப் பாரில் இருத்தி, கரியரில் ஒரு மூட்டை அரிசி, ஹாண்டிலில் இரண்டு கோழி, என் முதுகில் ஒரு சுவர் மணிக்கூடு, இப்படி இருபது மைல் ஓடியவன் நான். கோழி ஒன்றுதான் என்பார் அம்மா. அவர் முன்னால் இருந்தவர், முழுதாய் அவருக்குத் தெரிய நியாயமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, சைக்கிள் விடவில்லை. ஆனால் இத்தனை கதை சொன்ன நான் ஒன்றை மட்டும் உனக்குச் சொன்னதே இல்லை. யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரித் தட்டை. அங்கே ஏற்றம் என்றால் ஒரு மதகு, இறக்கம் என்றால் அதே மதகின் மற்றப் பக்கம். மலை என்ற சாமானைச் சைக்கிளில் இருந்தபடி நான் பார்த்ததே கிடையாது.

இங்கே வந்த புதிதில் செயின்ட்-மிஷேலில் நாலு பேர் ஒரு அறையில் இருந்தோம். நகருக்குள் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சினோ, அதுதான் பனி, முழங்கால் வரை கிடக்கும்போதும் சைக்கிளில்தான் போனேன். ஒருநாள் மீசை உறைந்து, முறித்து எடுத்து மேசையில் வைத்தேன் என்று நான் சொல்வதை நீ எத்தனை தரம் கேட்டிருக்கிறாய். பிறகு அம்மா வந்தார், நீ வந்தாய், அஹுன்ட்சிக்கில் அந்த இரண்டாம் மாடி வீடு வந்தது, வெளியே சுழன்று இறங்குகிற இரும்புப் படியோடு. கோடைகாலப் பின்னேரங்களில் உன்னைக் கரியரில் இருத்தி, உன் கால் சில்லுக்குள் போகாமல் அம்மாவின் பழைய சால்வையால் கட்டி, ஆற்றங்கரைப் பாதையில் போவோம். தெப்பனர் என்கிற மூலைக்கடைக்கு முன்னால் நிற்பாட்டி உனக்கு நீலநிற ஐஸ். அதை என் முதுகில் துடைப்பாய். என் சேட்டெல்லாம் முதுகில் நீலம். உணவகத்தில் ஹெயிட்டிக்காரப் பெடியள் கேட்பார்கள், நான் "அது எங்கட குடும்பக் கொடி" என்பேன். அந்தப் பாதையில் நீ எனக்குப் பின்னால் இருந்து பிரெஞ்சில் பாடுவாய், எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, நானும் சேர்ந்து பாடுவேன். எதிரே வருகிற சனம் வழி விடும். என் வாழ்க்கையில் நான் மந்திரி மாதிரிப் போன நாட்கள் அவைதான். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, அம்மாவிடம் கேள்.

இப்போது பதினெட்டு வயதுச் சைக்கிளுக்கு வருவோம். அதை லவாலில் ஒரு வீட்டு முற்றத்து விற்பனையில் கண்டேன். சிவப்பு நிறம், நடுவில் கீல், மடித்தால் சூட்கேஸ் அளவு. வீட்டுக்காரன் மடித்துக் காட்டினான், விரித்துக் காட்டினான், கீலின் கொளுக்கியைப் பூட்டி அதற்கு மேல் ஒரு சின்னப் பூட்டையும் தள்ளிக் காட்டினான். எல்லாவற்றிற்கும் தலையாட்டினேன். மெற்றோவில் கொண்டுபோகலாம் என்றுதான் உனக்கு எடுத்தது. தூக்கிக்கொண்டே திரிகிற சைக்கிளுக்குச் சங்கிலியும் பூட்டும் எதற்கு என்று அதையும் வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பிறேம் நடுவில் முறிந்த சைக்கிளை யாரும் நம்பி ஏறமாட்டோம். ஒட்ட வைத்த பிறகுதான் ஏறுவோம். இதுவோ கடையிலேயே முறித்து விற்கிறார்கள்! நீ போகும்போது நடுவில் மடிந்தால்? சைக்கிளை அந்தோனி வேலைசெய்த இரும்பு ஒட்டுவேலைக் கடைக்குக் கொண்டுபோனேன்.

அந்தோனி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மச்சான், இது மடிக்கிறதுக்கெண்டு செய்தது."

"தெரியும். மடியாமல் ஒட்டு."

"ஒட்டினால் பேந்து மடியாது."

"அதுக்குத்தானே ஒட்டச் சொல்லுறன்!"

மன்னார்க்காரன் அந்தோனி ஒட்டினால் ஒட்டினதுதான். கீல் போன இடம் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் ஃபாதரைக் கொண்டு தீர்த்தம் தெளிக்கவும் வைத்தேன். புது வாகனத்துக்கு ஜெபம் வாங்காமல் நாங்கள் யாராவது றோட்டில் இறங்கியிருக்கிறோமா? ஃபாதர் கேட்டார், "இது மடியிற சைக்கிள் எண்டீர், எங்கே மடியும்?" நான் சொன்னேன், "இது மடியாத மடிக்கிற சைக்கிள், ஃபாதர். கனடாவிலேயே இது ஒண்டுதான்." அது மட்டும் உண்மை.

அப்போது நீ பக்கத்தில் இல்லை, உன்னிடம் ஒட்டினதைச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாய் என்று நினைத்தேன். பிசியோதெரபிப் படிப்புக்கான நேர்முகத்துக்கு நீ காலையில் முதல் தடவையாக அதில் புறப்பட்டுப் போனாய். பின்னேரம் வந்து, "சரிவரேல்ல அப்பா" என்றாய். "சரிவராட்டிலும் நேரத்துக்குப் போனியே, சைக்கிளுக்கு நன்றி சொல்லு" என்றேன். நீ சொன்னாய். சைக்கிளைப் பார்த்து நன்றி சொன்னாய், பிள்ளை! இத்தனை வருடமாக அந்தக் கதையை நான் கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன ஞாயிறு மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், அம்மா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டார்.

"இஞ்சேருங்கோ, அந்த இன்டவியூக் கதையை இனியாவது விடுவியளோ?"

"ஏன், பொய்யே?"

"பிள்ளை அண்டைக்கு நேரத்துக்குப் போகேல்ல. முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனவள். கதவைத் திறக்கேல்ல அவங்கள்."

பிறகு நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். காலை நெரிசல் நேரத்தில் மடித்த சைக்கிளைத்தான் மெற்றோவில் விடுவார்களாம். நிலையத்து மனிதர் மரியாதையாகத்தான் மடிக்கச் சொன்னாராம். நீ கொளுக்கியைத் தேடினாயாம், இழுத்தாயாம், பின்னால் நின்ற சனம் பார்க்க நிலத்தில் குந்தியிருந்து குத்தினாயாம். விட்டுவிட்டுப் போகப் பூட்டும் இல்லை. மழைத்தூறலில் நகரின் மறு பக்கம் வரை உழக்கிப் போனாயாம். நகர் நடுவிலுள்ள மலையடிவார ஏற்றத்தில் செயின் கழன்று, கை இரண்டும் கறுப்பாய், அந்தக் கையோடு போய்க் கதவைத் தட்டினாயாம். ஒரு வருடம் போனது. வேறொரு பாடத்தில் விருப்பமில்லாமல் இருந்து, அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பித்தாய். அது எனக்குத் தெரியும். "பிள்ளை மனம் மாறிப்போனா" என்று நான்தானே எல்லோருக்கும் சொன்னேன்.

"என்னட்ட ஏன் சொல்லேல்ல?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவள்தான் வேண்டாமெண்டவள். 'அப்பா ஆசையா எடுத்துத் தந்தது, சொல்லாதேங்கோ அம்மா' எண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதவள். இண்டைக்கும் பாருங்கோ, நீங்கள் சொன்ன சைக்கிளைத்தான் எடுப்பாள். அந்த மலையில அது காணாதெண்டு அவளுக்கு நல்லாத் தெரியும். எண்டாலும் எடுப்பாள்."

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அம்மா பயந்து தண்ணி கொண்டுவந்து தந்தார்.

புதன்கிழமை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "இதை என்னட்டச் சொல்லி என்ன? மூண்டு அருள் நிறைந்த மரியே சொல்லும், பேந்து போய்ப் பிள்ளையிட்டச் சொல்லும்" என்றார். சரி என்றுவிட்டு வெளியே வந்தேன். ஆனால் பார், எனக்குள் இன்னும் ஒரு மூலையில், ஒட்டினது பிழைதான், ஆனால் ஒற்றைக் கியர் சொன்னது சரி என்று ஒரு குரல். அந்தக் குரலுக்கு ஒரு முடிவு காண, வியாழக்கிழமை அந்தோனியின் சைக்கிளைக் கடன் வாங்கி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி உன் ஊருக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை.

அம்மாவைப் பாண் கடையில் ஒரு கோப்பியோடு இருத்திவிட்டு, உன் அறை வாசலிலிருந்து கிளினிக் வரை ஓடிப் பார்ப்பது என்று ஏறி உட்கார்ந்தேன். முதல் வளைவு வரை நான் பறந்தேன். இரண்டாம் வளைவில் மூச்சு எனக்கு முன்னால் போனது. மூன்றாம் வளைவில் சைக்கிள் நின்றுவிட்டது. நான் உழக்குகிறேன், அது நிற்கிறது. இறங்கி உருட்டினேன். அப்போது பின்னால் மணிச் சத்தம். எண்பது வயது இருக்கும் ஒரு கிழவி, மடிக்கிற சைக்கிளில்தான், ஆசனத்தில் குந்தியபடி, ஏதோ தையல் மெசின் மிதிக்கிற மாதிரிச் சுகமாக ஏறி வருகிறார். "பொன்ஷூர், மிஸ்யூ! சா வா?" என்று சுகம் கேட்டார். "சா வா, சா வா" என்றேன். இரண்டாவது "வா" வெளியே வரவில்லை. அவர் இறங்கி என் சில்லைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கியது, இவ்வளவு பெரிய மனுசனுக்கு இவ்வளவு சின்னச் சாமானா என்று. பிறகு என்னைத் தன் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் கியரை மாற்றிக் காட்டினார். மகள், ஏறியது! எட்டுக் கியரில் ஆகக் குறைந்ததில் போட்டால் கால் சும்மா சுற்றுகிறது, மலை தன்பாட்டில் கீழே போகிறது. பாண் கடைக்குத் திரும்பி வந்து, அந்தோனியின் சைக்கிளில் மேலே வரை போனதாக அம்மாவிடம் சொன்னேன். இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது அவருக்கும் உண்மை தெரியும்.

கிழவியின் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தோனியினதில் இறங்கினேன்; ஏறினதை விட அந்த இறக்கம்தான் என்னை உலுக்கியது. சின்னச் சில்லு, பனி வெடிக்க வைத்த றோட்டு, ஒவ்வொரு குழியும் பல்லில் அடிக்கிறது. பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன், பாதியில் அது பிடிக்கிற மாதிரித் தெரியவில்லை. காலை ஊன்றி, வேலியோரப் புல்லுக்குள் போய் நின்றேன். விழவில்லை. அம்மா, இதில் நிறுத்தாமல் வாசியும், விழவில்லை. அங்கே புல்லுக்குள் இருந்துகொண்டு, நவம்பர் மாதத்தில், ஈரத்தில், வேலை முடிந்து களைத்து, நீ அந்த வளைவால் இறங்குகிறதை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் நான் தேத்தண்ணி மேசையில் நாலு பேரைச் சிரிக்க வைத்ததற்காக.

ஆகவே அதை வாங்காதே. கிழவி காட்டியதையும் நான் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சில்லு இருபது அங்குலத்துக்குக் குறையாமல் பார். கியர் எத்தனை என்று எண்ணாதே, ஆகக் குறைந்தது எவ்வளவு இலேசு என்று கேள்; ஏற்றத்துக்கு அதுதான் வேண்டும். டிஸ்க் என்கிற தட்டுப் பிறேக் இருந்தால் நல்லது. கடைக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு வராதே, பக்கத்தில் ஒரு ஏற்றத்துக்குக் கொண்டுபோய் ஏறி, இறங்கி, இறக்கத்தில் நிற்பாட்டிப் பார். கடைக்காரன் மடித்துக் காட்டினால் மயங்காதே, கையுறை போட்டுக்கொண்டு நீயே மூன்று தரம் மடித்து விரி. ஒரு மாடி தூக்கிக்கொண்டு ஏறு. மோட்டார் வைத்ததும் இருக்கிறது, ஏற்றத்துக்குச் சுகம், ஆனால் உன் பாண் கடைப் படியில் அதைத் தூக்க அந்தோனி வேண்டும். சாமான் வைக்கக் கரியர், சேறு அடிக்காமல் மட்கார்ட், பின்னால் வெளிச்சம். ஒவ்வொரு முறையும் ஏற முதல் கீலின் கொளுக்கியைக் கையால் அமத்திப் பார். கீலுக்குப் பயப்படாதே, அது மடிகிற இடத்தில் மடியத்தான் வேண்டும். பூட்டும் ஒன்று வாங்கு.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: இவை எதையும் நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதே. உனக்கு மனிதர்களின் முழங்காலும் இடுப்பும் தெரியும், அந்த ஏற்றம் தெரியும், உன் கால் தெரியும். பதினெட்டு வயதில் நீ எனக்காக ஒரு வருடத்தைத் தின்று விழுங்கிவிட்டு, வெளியே ஏப்பம்கூட விடவில்லை. அது பெரிய மனம். ஆனால் அந்த மனத்தோடு மலையில் இறங்காதே, பிள்ளை. எனக்கு முகம் வாடினால் வாடட்டும். வாடின முகம் இரண்டு நாளில் தன்பாட்டில் சரியாகும். என் பேச்சுப் பிழை என்று பட்டால், பிழை என்று எனக்கு நேரே சொல். ஆட்களுக்கு முன்னாலும் சொல். அந்த நேர்முகத்துக்கு, அந்தக் கறுத்த கைக்கு, சைக்கிளுக்கு உன்னை நன்றி சொல்ல வைத்ததற்கு, என்னை மன்னித்துக்கொள். இப்படி ஒரு சொல் என் வாயால் வந்து நீ கேட்டிருக்கமாட்டாய். எழுத வருகிறது, அதுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் கடைக்கு வரவில்லை. நீ கேட்டாலும் வரமாட்டேன். அடுத்த நாள் பூசைக்குப் பிறகு ஊர் என்னைச் சுற்றி வளைத்து, பிள்ளைக்கு எந்தச் சைக்கிள் எடுத்துக் கொடுத்தாய் என்று கேட்கும், தெரியும். அதற்கு அம்மா என்னைத் தயார்ப்படுத்துகிறார். சமையலறையில் என்னை நிற்பாட்டி, அந்தோனியின் குரலில் கேட்கிறார்: "மச்சான், பிள்ளை என்ன சைக்கிள் எடுத்தவ?"

"எனக்குத் தெரியாது. ஆனால்..."

"ஆனாலை விடுங்கோ! திருப்பிச் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாது, அவ தானே பார்த்து எடுத்தவ. எண்டாலும் நான்..."

"எண்டாலும் வேண்டாம்!"

கஷ்டம்தான், மகள். இந்த வயதில் புதிதாய் ஒரு சொல்லைப் பழகுவது. நேற்றுப் பின்னேரம் மூன்றாம் தரம் கேட்டபோது, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வாயை மூடினேன். அம்மா ஒரு 'ஆனால்' வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை.

அப்பா